ஆர்கேடு கேபினெட் நெத்தியில எல்இடி போர்டு: கேம் மாறுனா பேரும் மாறணும், தமிழ்லயும் வரணும்

வளவுவீட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் எங்க பெரிய வீட்டுல வச்சுக்கிறதுக்காக ஒரு ஆர்கேடு கேபினெட், அதாவது நின்னு ஆடுற பழைய வீடியோ கேம் பெட்டி, செஞ்சிக்கிட்டு இருக்கேன், மரவேலை முக்காவாசி முடிஞ்சிருச்சு, முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய தேக்குப் பலகையா பாத்துப் பாத்து எடுத்தது, நம்ம வீட்டு ஆசாரிதான் செய்யிறாரு. உள்ள ராஸ்பெர்ரி பை 4ன்னு குட்டி கம்ப்யூட்டர், அதுல பழைய கேம் ஓட்டுற ரெட்ரோபை சாப்ட்வேர், ரெண்டு பேர் நின்னு ஆடுற மாதிரி ஜாய்ஸ்டிக் பட்டன் எல்லாம் போட்டு ஓட்டிப் பாத்தாச்சு, நல்லாவே ஓடுது.

இப்ப மிச்சம் மேல வர்ற மார்க்கீ, அதாவது கேம் பேர் காட்டுற நெத்திப் பலகை, மட்டுந்தான். வழக்கமா அக்ரிலிக்ல படம் பிரிண்ட் அடிச்சு பின்னாடி லைட் போடுவாங்க. ஆனா உள்ள நூத்துக்கணக்குல கேம் இருக்கும்போது மேல ஒரே ஒரு கேம் பேர் நிரந்தரமா இருக்கிறது எனக்குப் பிடிக்கல. சொந்தக்காரங்க ஜவுளிக்கடையில கழட்டிப்போட்ட ரன்னிங் எல்இடி போர்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு, சிவப்பு கலர் பி10, ரெண்டு பேனல், கன்ட்ரோல் கார்டு, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாத்தோடயும். அந்த அளவுக்கே, 64 செமீ அகலம் 16 செமீ உயரம், ஆசாரி மேல ஓட்டை விட்டுட்டாரு. ஆப்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணா ஓடுது. எனக்கு வேண்டியது என்னன்னா, பையன் பேக்மேன் போட்டா மேல பேக்மேன்னு வரணும், வெளிய வந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டா அது வரணும், யாரும் போன எடுத்து மாத்தக்கூடாது. முடிஞ்சா தமிழ்ல வரணும், எங்க அப்பத்தா உக்காந்து வாசிப்பாங்க. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு பங்காளி வீட்டுப் பிள்ளைங்க மொத்தமும் வருவாங்க, அதுக்குள்ள முடிச்சா நல்லாருக்கும். இந்த போர்டையே வச்சு ஆகுமா, இல்ல வேற வாங்கணுமா?

லைட்செட்_சேது, புதுவயல்

தம்பி, திருவிழா லைட் செட்டும் கடை போர்டும் போடுறதுதான் நமக்குத் தொழில், அதனால தெரிஞ்சதச் சொல்றேன். உங்ககிட்ட இருக்கிற பி10 ஒரு பேனல் 32க்கு 16 புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர், ரெண்டு சேத்தா 64க்கு 16. அது ரோட்ல போறவன் தூரத்துல இருந்து வாசிக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான். எங்க கணக்கு என்னன்னா பி-க்குப் பக்கத்துல எத்தன நம்பரோ குறைஞ்சது அத்தன மீட்டர் தள்ளி நின்னு பாக்கணும், அப்பதான் புள்ளி தெரியாம எழுத்து தெரியும். கேபினெட் முன்னாடி நிக்கிற பிள்ளைக்கு மூஞ்சிக்கு நேரா ஒரு மீட்டர்ல பி10 எரிஞ்சா கண்ணு கூசும், எழுத்தும் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். வெயில்ல தெரியணும்னு வெளிச்சத்தக் கூட்டி செஞ்சது வேற.

இன்னொண்ணு, அந்த கார்டு. கடைக்கு ஒரு தடவ மேட்டர் ஏத்திவிட்டா அது பாட்டுக்கு சுத்தி சுத்தி ஓட்டும், அதுக்குத்தான் அது. வெளிய இருந்து ஒரு மிஷின் "இப்ப இத காட்டு"ன்னு நொடிக்கு நொடி சொல்றதுக்கு சாதாரண வைஃபை கார்டு சரிப்பட்டு வராது. கார்ட கழட்டி வச்சுட்டு பேனல நேரா ஆர்டுயினோன்னு ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டுல மாட்டுனா சிவப்புலயே பேர் ஓட்டலாம், பி10க்குன்னே டிஎம்டின்னு ரெடியா எழுதி வச்ச ஒரு புரோகிராம் லைப்ரரி இருக்கு, அது முடியாத வேல இல்ல.

ஆனா நான் சொல்றது இதான், கேளுங்க. பி5 இன்டோர் பேனல் ஒண்ணு 320க்கு 160 மில்லிமீட்டர், உங்க பி10 பேனலும் அச்சு அசலா அதே 320க்கு 160. பி5ல 64க்கு 32 புள்ளி, அதுவும் முழு கலர். ரெண்டு வாங்கிப் போட்டா அதே ஓட்டையில 128க்கு 32 புள்ளி கிடைச்சிரும், ஆசாரி உளிய திரும்பத் தொட வேண்டியதே இல்ல. வாங்கும்போது ரெண்டையும் ஒரே பேட்ச்ல கேட்டு வாங்குங்க, வேற வேற பேட்ச்னா பக்கத்துல பக்கத்துல வச்சா கலர் ஒத்துப்போகாது. ஓரத்துல இருக்கிற எல்இடி லேசா இடிச்சாலே பேந்து வந்துரும், அதனால மரச்சட்டத்துக்குள்ள தட்டி இறக்கக்கூடாதுன்னு ஆசாரிகிட்ட சொல்லிருங்க. பின்னாடி எம்3 ஸ்க்ரூ ஓட்டை இருக்கும், ஒரு அலுமினிய பட்டையில பிடிச்சு அந்த பட்டைய மரத்துல மாட்டுங்க.

தேவகோட்டை_டல்லாஸ்

இங்க அமெரிக்காவுல இத ரொம்ப நாளைக்கு முன்னாடியே பண்ணிருக்காங்க, கடைங்க கழட்டிப்போட்ட பீட்டாபிரைட்னு ரன்னிங் எல்இடி போர்டு செகண்ட்ஸ்ல வாங்கி, மேம்னு பழைய ஆர்கேடு கேம் ஓட்டுற சாப்ட்வேர் போட்ட கேபினெட் மேல வைப்பாங்க. அதுல வசதி என்னன்னா ஆல்ஃபான்னு ஒரு புரோட்டோகால் (தகவல் அனுப்புற முறை), சீரியல் ஒயர்ல 9600 பாட் வேகத்துல கேம் பேர அனுப்புனா அது பாட்டுக்கு ஓட்டும், புரோட்டோகால் ஒளிவுமறைவு இல்லாம வெளிய கிடைக்கும், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஆனா உயரத்துக்கு வெறும் 7 புள்ளிதான். இங்கிலீஷுக்கு அது போதும். தமிழுக்கு சத்தியமா போதாது. சேது அண்ணன் சொல்றதுதான் சரி, பி5க்குப் போங்க. 128க்கு 32ங்கிறது பின்பால் மிஷின்ல இருந்த டாட் மேட்ரிக்ஸ் டிஸ்ப்ளேயோட அளவு, பிக்சல்கேடுன்னு ரெடிமேடா விக்கிற எல்இடி மார்க்கீயும் அதே அளவுதான், அதனால அந்த அளவுக்குன்னே வரைஞ்ச படம் நெட்ல எக்கச்சக்கமா கிடைக்கும்.

பிக்சல்_வள்ளி

படம்னு ஆரம்பிச்சதால நான் இத சொல்லியே ஆகணும், நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. ஒரிஜினல் மார்க்கீயோட ஸ்கேன நெட்ல எடுத்து அத அப்படியே 128க்கு 32க்கு சுருக்கி போடுறாங்க, அது படமா இருக்காது, கலங்கின கலர் சேறாத்தான் இருக்கும். 1980ல நாம்கோ பேக்மேன் மார்க்கீ எல்லாம் கண்ணாடி மாதிரி பலகையில பெரிசா அச்சடிச்சு பின்னாடி டியூப்லைட் வச்சு பாக்கிறதுக்கு வரைஞ்சது, அதோட அழகே அந்த வழுவழுப்பான கோடுலதான். அத 32 வரிக்குள்ள திணிச்சா ஒண்ணும் மிஞ்சாது.

ஆனா அதே கேமுக்கு உள்ள போய் பாருங்க அண்ணா. பேக்மேன் ஓடுற ஸ்கிரீனே 224க்கு 288 புள்ளிதான், அதுல வர்ற பேய் ஒவ்வொண்ணும் 16க்கு 16 கட்டத்துல வரைஞ்சது. உங்க போர்டுக்கு உயரம் 32. அப்ப அந்த கட்டத்த சரியா ரெண்டு மடங்கா பெருக்குனா போர்டு உயரத்துக்கு அப்படியே பொருந்துது! 1978 ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல வர்ற ஜந்து 8 புள்ளி உயரம், நாலு மடங்கு பண்ணா 32. இந்த காலத்து கேம் எல்லாம் புள்ளி புள்ளியா யோசிச்சு வரைஞ்சவங்களோட வேல, எல்இடி போர்டுல வச்சா அதுக்கு அதுதான் சொந்த வீடு மாதிரி இருக்கும். நாலு பேய் வரிசையா ஓட பின்னாடி பேக்மேன் துரத்துறத நான் ஒரு தடவ 128க்கு 32ல வரைஞ்சு பாத்தேன், அவ்வளவு துல்லியமா இருந்துச்சு, பாத்துக்கிட்டே இருக்கலாம்.

1991 ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அப்படி இல்ல, ஸ்கிரீன் 384க்கு 224, ஆளு ஒவ்வொருத்தரும் பெரிய உருவம், அத உருவமா போடாதீங்க, எழுத்து மட்டும் போடுங்க, வேணும்னா ஓரத்துல ஒரு முஷ்டி. ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. பின்னணி எப்பவும் கறுப்பு, அதாவது எல்இடி அணைஞ்சு இருக்கணும், வெள்ளைப் பின்னணி போட்டா கண்ணும் கூசும் கரண்டும் இழுக்கும். இன்னொண்ணு, பிரவுன், சாம்பல் மாதிரி மங்கல் கலர் எல்லாம் எல்இடில எடுபடாது, சிவப்பு மஞ்சள் பச்சை நீலம்னு அழுத்தமான கலரா எடுத்துக்கங்க.

வளவுவீட்டுக்காரன்

சேது அண்ணே, அந்த 320க்கு 160 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, பேனல எடுத்து அளந்து பாத்தேன், சரியா அதே அளவு. பி5 ரெண்டு சொல்லிட்டேன். வள்ளி, பேய் ரெண்டு மடங்குன்னு சொன்னதும் பசங்க இப்பவே பேப்பர்ல கட்டம் போட ஆரம்பிச்சுட்டாங்க.

இப்ப ரெண்டு கேள்வி. கேம் ஓடுற அதே பை 4லயே பேனலயும் மாட்டிரலாமா, அதுக்கு ஒரு லைப்ரரி இருக்குன்னு படிச்சேன். அப்புறம் தமிழ் எழுத்துக்கு என்ன வழி?

சாலிடர்_தம்பி

அண்ணே நான் காரைக்குடிலதான் படிக்கிறேன், எலக்ட்ரானிக்ஸ், இதே பேனல் வச்சு ஒரு புராஜக்ட் பண்ணேன் அதனால விவரமா சொல்றேன்.

நீங்க படிச்சது ஹென்னர் ட்செல்லர் எழுதுன லைப்ரரியாத்தான் இருக்கும், அருமையான வேல அது, பைக்கு அதவிட நல்லது இல்ல. ஆனா உங்க கேபினெட்டுக்கு வேணாம்ணே. இந்த பேனல்ல எல்லா வரியும் ஒரே நேரத்துல எரியிறது இல்ல, 32 வரியில ஒரு சமயத்துல ரெண்டு வரிதான் எரியும், வேகமா மாத்தி மாத்தி ஓட்டுறதால மொத்தமும் எரியிற மாதிரி தெரியுது, அதத்தான் 1/16 ஸ்கேன்னு சொல்றது. அத யாராவது இடைவிடாம ஓட்டிக்கிட்டே இருக்கணும், ஒரு நொடி தாமதமானா பேனல் மினுக்கும். பைல கேமும் ஓடி இதுவும் ஓடுனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கும். அதோட இந்த லைப்ரரி நேரம் கணக்கு பாக்க பையோட பிடபிள்யூஎம்னு துடிப்பு உண்டாக்குற ஹார்ட்வேர எடுத்துக்குது, பைல இருக்கிற ஆடியோ ஜாக்கும் அதத்தான் பயன்படுத்துது, ஆக பேனலா சவுண்டான்னு ஆயிரும், சவுண்டுக்கு தனியா யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கணும்.

அதனால பேனலுக்குன்னு தனியா ஈஎஸ்பி32ன்னு ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு போடுங்க. ஹப்75னு கனெக்டர் வச்ச இந்த மாதிரி பேனலுக்குன்னே டிஎம்ஏல ஓடுற லைப்ரரி அதுக்கு இருக்கு, பேனல ஓட்டுற வேலைய ஹார்ட்வேரே பாத்துக்கும், மினுக்காது. உங்க பழைய பி10ல இருந்தது ஹப்12, இது ஹப்75, ரெண்டும் 16 பின்தான் ஆனா ஒயரிங் வேற, பழைய ஒயர அப்படியே மாட்டிராதீங்க. மொத்தம் 13 சிக்னல் ஒயர் வரும். ஈஎஸ்பி32 குடுக்கிறது 3.3 வோல்ட், பேனல் 5 வோல்ட் ஆளு, நேரா மாட்டுனாலும் பல சமயம் ஓடும் ஆனா எழுத்துக்குப் பின்னாடி நிழல் மாதிரி மங்கலா இன்னொரு எழுத்து தெரியும், நடுவுல 3.3 வோல்ட் சிக்னல 5 வோல்ட்டா ஏத்திக் குடுக்கிற 74எச்சிடி245 ஐசி ரெண்டு போட்டா சுத்தமா இருக்கும். ரிப்பன் கேபிள குட்டையா வச்சுக்கங்க. எல்லாம் சரியா மாட்டியும் பேனல் இருட்டாவே இருந்தா பேனல் போச்சுன்னு நினைக்காதீங்க, பின்னாடி ஐசி மேல எஃப்எம்6126ஏன்னு எழுதிருக்கான்னு பாருங்க, அந்த ஐசி இருக்கிற பேனல ஆரம்பத்துல ஒரு தடவ தட்டி எழுப்பணும், லைப்ரரில அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு.

இப்ப கேம் பேரு. ரெட்ரோபைல ஒவ்வொரு கேமும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரன்கமாண்ட்-ஆன்ஸ்டார்ட்னு ஒரு ஸ்கிரிப்ட் இருந்தா அத ஓட்டும், அதுக்கு மூணாவது தகவலா அந்த கேம் ஃபைலோட முழு பாதையும் வரும். அதுல இருந்து பேர பிச்சு எடுத்து ஈஎஸ்பி32க்கு யூஎஸ்பி ஒயர்ல அனுப்பணும். வைஃபை வேணாம்ணே, நம்ம பெரிய வீட்டுச் சுவத்தத் தாண்டி ரூட்டர் சிக்னல் வர்றது கஷ்டம், ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதான இருக்கு.

பேர மட்டும் அனுப்பாம முழு படத்தயே அனுப்பிரலாம். 128க்கு 32னா 4096 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், மொத்தம் 8192 பைட். 115200 பாட்ல அனுப்புனா முக்கா நொடிக்குள்ள போய் சேந்துரும், 921600 வச்சா கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள. ஈஎஸ்பி32ல எந்த படத்தயும் ஏத்தி வைக்க வேண்டியதில்ல, வந்தத காட்டுறது மட்டும் அதோட வேல. புதுப்படம் வரைஞ்சா பைல இருக்கிற ஃபோல்டர்ல போட்டா போதும். பேய் ஓடுற மாதிரி அசையிற படம் வேணும்னா மட்டும் அத ஜிஃப்பா ஈஎஸ்பி32லயே வச்சுக்கங்க.

ஒரு முக்கியமான எடம் இருக்கு. சீரியல் போர்ட்ட ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் பெரும்பாலான ஈஎஸ்பி32 போர்டு தானா ரீசெட் ஆகும், நீங்க அனுப்புன படம் காத்தோட போயிரும். அதனால பைல ஒரு சின்ன பைத்தான் புரோகிராம் எப்பவும் பின்னணியில ஓடி போர்ட்ட திறந்தே வச்சிருக்கட்டும், ஆன்ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் அதுகிட்ட பேர மட்டும் சொல்லிட்டு உடனே வெளிய வந்துரணும், இல்லன்னா கேம் ஆரம்பிக்க அந்த அளவுக்கு லேட் ஆகும்.

தமிழுக்கும் இதே வழிதான். மைக்ரோகன்ட்ரோலர்ல இருக்கிற ஃபான்ட்டுக்கு ஒரு எழுத்துக்கு ஒரு படம், அதத் தாண்டி ஒண்ணும் தெரியாது. பேக்மேன்னு அனுப்புனா ப-வுக்கு முன்னாடி வரவேண்டிய ரெட்டைக்கொம்பு பின்னாடி போய் நிக்கும். அதனால எழுத்த பைலயே படமா மாத்தி அனுப்பணும், பைத்தான்ல படம் வரையிற பில்லோ லைப்ரரி போதும், ஆனா கூட எழுத்துகள சரியா அடுக்குற லிப்ராக்ம் இருக்கணும், அது இல்லன்னா பில்லோவும் அதே தப்பத்தான் பண்ணும். ரோம் ஃபைல் (கேம் ஃபைல்) பேரு பேக்மேன், எஸ்எஃப்2ன்னு இங்கிலீஷ்ல சுருக்கமா இருக்கும், எதுக்கு எந்த தமிழ் பேருன்னு நீங்களே ஒரு பட்டியல் எழுதி வச்சுக்கணும்.

பிக்சல்_வள்ளி

தமிழ் எழுத்துக்கு ஒரு வார்த்த. ஃபான்ட்ல இருந்து நேரா படமாக்குனா ஓரத்த மழுப்புறதுக்கு அரை வெளிச்சத்துல புள்ளி வைக்கும், அத நிறுத்திருங்க, எல்இடில அது அழுக்கு மாதிரி தெரியும். தமிழ்ல "கீ", "டி" மேல ஏறும், "ழு", "று" கீழ இறங்கும், 16 வரில எழுதுனா நடு எழுத்துக்கு பாதிதான் மிஞ்சும், 32 வரி இருக்கிறதாலதான் ஒழுங்கா எழுத முடியுது. ஃபான்ட் குடுக்கிறத அப்படியே விடாம கிம்ப்னு படம் திருத்துற சாப்ட்வேர்ல திறந்து ஒவ்வொரு பேரயும் கையால ஒரு தடவ திருத்துங்க, "ண" சுழிக்குள்ள ஒரு புள்ளி அடைஞ்சா அது "ன" மாதிரி ஆயிரும். நீளமான பேர ஓட விடாதீங்க அண்ணா, ரெண்டு வரியா மடிச்சு நிறுத்திக் காட்டுங்க, அப்பத்தா நிதானமா வாசிக்கட்டும்.

லைட்செட்_சேது, புதுவயல்

தம்பிங்க எல்லாம் நல்லா சொல்லிட்டீங்க, கரண்டு விஷயம் யாரும் தொடல, அத நான் விடமாட்டேன்.

பி5 ஒரு பேனல் முழு வெள்ளையில ஏறக்குறைய 4 ஆம்ப் இழுக்கும், ரெண்டுக்கு 8. படம் கறுப்புப் பின்னணின்னா அதுல கொஞ்சந்தான் இழுக்கும், ஆனாலும் பவர் சப்ளை முழுசுக்கும் தாங்கணும். பையில இருக்கிற 5 வோல்ட்ல இருந்து பேனலுக்கு எடுக்கவே கூடாது. பழைய போர்டுல இருந்த எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட்தான், மேல லேபிள்ல 20 ஆம்புக்கு மேல போட்டிருந்தா அதுவே போதும். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியா ஒயர் இழுங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு தொடுத்தீங்கன்னா ரெண்டாவது பேனல்ல வெள்ளை செவந்து போகும். பேனல், ஈஎஸ்பி32 ரெண்டுக்கும் கிரவுண்ட் ஒண்ணா சேந்திருக்கணும்.

இப்ப முக்கியமானது. நம்ம பக்கத்து பழைய வீடுகள்ல எத்தனையோ வீட்டுல இன்னும் ரெண்டு பின் வயரிங்தான், எர்த் கிடையாது. அந்த எஸ்எம்பிஎஸ் தகர பாடிக்கும் லைனுக்கும் நடுவுல நாய்ஸ் அடக்குறதுக்கு உள்ள கப்பாசிட்டர் இருக்கும், எர்த் மாட்டாம விட்டா பாடியில பாதி வோல்டேஜ் வந்து நிக்கும். கை வச்சா சுருசுருன்னு இருக்கும். அது அப்படியே கிரவுண்ட் வழியா பை, யூஎஸ்பி, காயின் டோர் தகரம், ஜாய்ஸ்டிக் கம்பின்னு எல்லாத்துலயும் ஏறும். ஆத்தங்குடி கல் பாவுன தரையில, தொடச்ச ஈரம் காயிறதுக்குள்ள, செருப்பில்லாத பிள்ளைங்க வந்து நிக்கும். பொருளுக்கும் ஆகாது, ஒயர் மாட்டும்போது போர்டு புகைஞ்சிரும். கேபினெட் வைக்கிற எடத்துக்கு மூணு பின் பாயிண்ட் தனியா இழுத்து, கொல்லையில எர்த் குழி போட்டு, கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு வச்சிருங்க. வயர்மேன் யாராவது நியூட்ரலயே எர்த்ல முடிச்சுக் குடுக்கிறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. இதுல செலவு பாக்காதீங்க தம்பி.

எஸ்எம்பிஎஸ்ஸ மார்க்கீ பெட்டிக்குள்ள பேனலுக்குப் பின்னாடி அடைக்காதீங்க, கீழ வைங்க. மேல பெட்டிக்கு பின்பக்கம் சூடு போக வழி விடுங்க, அந்த வழிக்கு கொசு வலை அடிங்க, கதகதப்பா இருக்கிற எடத்த தேடி பல்லி வந்து டெர்மினல்ல விழுந்து ஷார்ட் ஆனத நான் நிறைய பாத்திருக்கேன்.

வளவுவீட்டுக்காரன்

அண்ணே, எஸ்எம்பிஎஸ் லேபிள் பாத்தேன், 40 ஆம்ப் போட்டிருக்கு. எர்த் நிஜமாவே இல்ல, டெஸ்டர் வச்சு பாத்தாச்சு, நாளைக்கு வயர்மேன வரச் சொல்லிருக்கேன், குழி தோண்டுறது முதல் வேல. ஈஎஸ்பி32, ஐசி எல்லாம் சாலிடர் தம்பி சொன்னபடி வாங்குறேன், தம்பி நீங்க ஊர்லதான இருக்கீங்க, ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டு உக்காந்து பாப்போம்.

கடைசியா ஒண்ணு மட்டும். பேனலுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி எதாவது வைக்கணுமா, அப்படியே விட்டுரலாமா? கேம விட்டு வெளிய வந்தா போர்டு என்ன காட்டணும்?

சாலிடர்_தம்பி

கண்டிப்பா வர்றேன்ணே, சனிக்கிழமைன்னா எனக்கு தோது.

முன்னாடி ஸ்மோக் கலர் அக்ரிலிக் 3 மில்லிமீட்டர் ஒண்ணு வைங்க, அணைஞ்சிருக்கும்போது புள்ளி எதுவும் தெரியாம முழு கறுப்பா இருக்கும், எரியும்போது கலர் இன்னும் அழுத்தமா தெரியும். கிடைக்கலன்னா சாதா அக்ரிலிக்ல கார் கண்ணாடிக்கு ஒட்டுற கூலிங் பேப்பர் ஒட்டிக்கலாம். பேனல் மேல படாம ஒரு விரல் அளவு தள்ளி வைங்க. வெளிச்சத்த புரோகிராம்லயே 30 சதவீதத்துக்கு வச்சு ஆரம்பிங்க, வீட்டுக்குள்ள அதுவே தாராளம்.

வெளிய வர்றதுக்கு ரன்கமாண்ட்-ஆன்எண்ட்னு அதே எடத்துல இன்னொரு ஸ்கிரிப்ட் இருக்கு, கேம் முடிஞ்சதும் ஓடும், அதுல வள்ளி அக்கா சொன்ன பேய் ஊர்வலத்த போட்டுவிடுங்க. படைப்பு அன்னைக்கு எல்லாரும் போன்ல வீடியோ எடுப்பாங்க, அதுல போர்டு குறுக்க கறுப்புக் கோடு ஓடுற மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க, பேனல் வரி வரியா எரியிறது கேமராவுக்கு தெரியுது அவ்வளவுதான், லைப்ரரி செட்டிங்ல கலர் டெப்த்த ஒரு படி குறைச்சா ரிஃப்ரெஷ் வேகம் ஏறி கோடு குறைஞ்சிரும். நான் வரும்போது ஒரு 245 ஐசி கூடுதலா எடுத்துட்டு வர்றேன், பேனல் வந்ததும் பின்பக்க ஐசி நம்பர மட்டும் ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க.